தார்ப்பாய்க் கடையில் பம்பரம் படுக்காமல் நின்ற ஏழு வாரம்

சந்தனச்செல்வி தைத்த தார்ப்பாயில் பொட்டுத் தண்ணீர் ஒழுகாது. தூத்துக்குடி பழைய துறைமுகத்துத் தோணிக்காரர்களும் வேம்பார் உப்பு லாரிக்காரர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அவள் செய்து காட்டுவாள். தைத்து முடித்த பாயின் நான்கு முனைகளையும் தூண்களில் இழுத்துக் கட்டுவாள். நடுவில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றுவாள். அடியில் அன்றைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். திரும்பி வரும்போது தாளில் ஒரே ஒரு ஈரப்புள்ளி இருந்தாலும் அந்தத் தையல் முழுவதையும் பிரித்துவிடுவாள். பாய்க்காரர் அவசரப்பட்டால், "மழ வரும்போது இந்த அவசரத்த மழகிட்டச் சொல்லுங்க" என்பாள்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் துறைமுகத்துக் கழிவுச் சாமான் கடையில் ஒரு கிழிந்த பாயை வாங்கினாள். அதன் மடிப்புத் தையலை ஊசிமுனையால் பிரித்து, எந்தத் துணி எதன்மேல் ஏறியிருந்தது என்று கரித்துண்டால் குறித்துக்கொண்டு, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் திரும்பத் தைத்தாள். முதல் மூன்று முறை ஒழுகியது. நான்காம் முறை ஒழுகவில்லை. அது இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பீச் ரோட்டுக்குப் பின்னால் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றில் கடை. உள்ளே ஒரு பெரிய மின்சாரத் தையல் இயந்திரம். மேலே துணி உருளைகளைத் தூக்க இரும்பு உத்தரத்தில் ஒரு செயின் பிளாக்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பகையாளிதான். அந்தப் பகையாளிக்கு நான்கு கால்.

கணவர் அய்யாக்குட்டிக்குப் பலசரக்குக் கடை. ஆனால் மனதெல்லாம் குதிரை வண்டிப் பந்தயத்தில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செம்மண் நிறப் பெட்டைக் குதிரையை வாங்கிவந்தார். கட்டிலிருந்து அவிழ்த்ததும் அது இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்து வைக்கும். அதனால் பம்பரம் என்று பெயர். அது சுற்றினால்தான் வண்டியில் பூட்டுவார். சுற்றாத நாளில், பந்தயத் திடலுக்கே வந்துவிட்டாலும், பூட்டாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"கடையில ஒரு கிலோ துவரம்பருப்பு நிறுக்க இவருக்கு அரை மணி நேரம் ஆவுது. சின்ன வீட்டுக்குக் கொள்ளு வைக்கணும்னா மட்டும் பறந்துக்கிட்டுப் போறாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செல்வி சொல்வாள். குதிரைக்கு அவள் வைத்த பெயர் அதுதான்: சின்ன வீடு. தொழுவம் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

போன வருடம் ஜூன் மாதம், வேம்பார் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பந்தயம் முடிந்து குதிரைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் குதிரைக்கு என்ன கோபமோ, பின்னங்காலை வீசியது. அடி பம்பரத்தின் வலது பின்னங்காலில், உட்பக்கம், முழங்காலுக்குக் கீழே விழுந்தது. வெளியே தெரிந்தது ஒரு அரைநெல்லி அளவுக் காயம்தான். ஆனால் பம்பரம் அந்தக் காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. குட்டியானை வண்டியில் ஏற்றி, பக்கத்தில் நின்று அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடியே அய்யாக்குட்டி ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் இந்துமதி கையடக்க எக்ஸ்ரே கருவியோடு வந்தார். படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எலும்பில் மயிரிழை போல ஒரு கோடு.

"ஒடியல. விரிசல் விட்டிருக்கு. நல்லா நின்னுச்சுன்னா தானாவே கூடிரும். ஆனா படுக்கக் கூடாது."

"செத்த நேரம்கூடவா டாக்டரம்மா?"

"படுக்கிறதுல தப்பில்ல அண்ணாச்சி. எந்திரிக்கிறதுலதான். குதிரை எந்திரிக்கும்போது மொத்த எடையையும் பின்னங்கால்ல போட்டு உந்தும். அப்ப அந்தக் கோடு பிளந்துரும். பிளந்தா அந்த இடத்துல கட்டுப் போட்டு நிக்க வைக்க முடியாது. என்னால ஒரு ஊசிதான் போட முடியும்."

எந்த ஊசி என்று யாரும் கேட்கவில்லை.

"எத்தன நாளு?"

"ஏழு வாரம்."

"ஒரு மண்டலம்னு வச்சுக்கிடலாமா?"

"அதுக்கு மேல ஒரு நாள் சேத்து வச்சுக்கங்க. அசந்து சாயும்போது தாங்கிக்க மேலேருந்து ஒரு தொட்டில் மாதிரி கட்டினா ரொம்ப நல்லது. தொழுவத்துக் கூரை தாங்காது. வேற இடம் இருக்கா?"

அய்யாக்குட்டிக்கு இடம் எதுவும் தோன்றவில்லை. நேராக மனைவியின் கடைக்கு வந்தார். ஒரு தார்ப்பாய் உருளைமேல் உட்கார்ந்தார். தோள் துண்டை வாயில் கவ்விக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது செல்வி பார்த்ததில்லை. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். செயின் பிளாக்கைப் பார்த்தாள்.

"மூக்கச் சிந்திப் பாய்ல தொடச்சிறாதிய," என்றாள். "எந்திரிங்க. சின்ன வீட்டக் கூட்டிட்டு வாங்க. அளவு எடுக்கணும்."

அந்த நேரத்தில் விக்டர் வந்து சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. அவன் ஒரு தோணியின் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டுகிறவன். காற்றுக்காலம் என்பதால் தோணிகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்தன. தன் தோணிப் பாயில் ஒட்டுப்போட வந்தவன், செல்வி கழுத்தில் இஞ்ச் டேப்போடு குதிரையின் வயிற்றுக்கடியில் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"என்னக்கா, சாக்கட்டு அளவா? கை வச்சதா, கை இல்லாததா?"

"வாயப் பொத்திக்கிட்டு இந்த நுனியப் பிடி. நெஞ்சு சுத்தளவு எழுவது இஞ்சி. எழுதிக்க."

"சேசுவே! என் பொண்டாட்டிக்கு மேல இருக்கே."

பம்பரம் இதற்கிடையே அளவு குறிக்க வைத்திருந்த சாக்குக்கட்டியைத் தின்றுவிட்டது.

அன்று மாலைக்குள் தொட்டில் தயாரானது. வயிற்றைத் தாங்க இரண்டு முழ அகலத்தில் ஒரு பட்டை, நெஞ்சுக்கு முன்னால் ஒன்று, பின்புறத்தைச் சுற்றி ஒன்று. பித்தளை வளையங்கள் எட்டு. அவற்றில் கயிறு கோத்து, கூடுகிற இடத்தில் நெருக்காமலிருக்க ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்து, விக்டர் தோணி முடிச்சுப் போட்டான். செல்வி தன் வழக்கப்படியே எல்லாத் தையலையும் இரட்டையாக மடித்து, மெழுகு தடவி, தொட்டிலைத் தூணில் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தாள் உலர்ந்தே இருந்தது. அவளுக்குத் திருப்தி.

"தோணில இஞ்சின் ஏத்துத மாதிரிதான்," என்று விக்டர் சங்கிலியைப் பிடித்தான். "ஏலா... ஏலா..."

"யண்ணே, நிறுத்துங்க!" என்று அப்போதுதான் உள்ளே வந்த இந்துமதி கத்தியதும்தான் எல்லாரும் பார்த்தார்கள். பம்பரத்தின் நான்கு குளம்பும் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தன. அது ஆச்சரியப்பட்ட முகத்தோடு மெல்ல வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இறக்குங்க, மெதுவா! குதிரை அதோட கால்லதான் நிக்கணும். பட்டைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு கை போற இடைவெளி இருக்கணும்."

"டாக்டரம்மா, பந்தயத்துல இவ பறக்கான்னு சொன்னா நீங்க நம்பவே மாட்டிய," என்றார் அய்யாக்குட்டி. அப்போதும் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றே அவர் கோயிலுக்குப் போய் ஒரு நேர்த்தியும் செய்துவிட்டு வந்தார். பம்பரம் படுக்கும் வரை தானும் படுப்பதில்லை. குதிரையின் முன்னால் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கெல்லாம் தூக்கத்தில் நாற்காலியோடு சாய்ந்து தவிட்டுச் சட்டிக்குள் விழுந்தார்.

"குதிரைக்கு ஒரு தொட்டில் தச்சாச்சு," என்றாள் செல்வி, அவர் காதிலிருந்து தவிட்டைத் தட்டிக்கொண்டே. "ஒங்களுக்கும் ஒண்ணு தைக்கணுமா?"

நான்காம் நாளே பம்பரம் சாயக் கற்றுக்கொண்டது. வேண்டும்போது முழங்காலைத் தளர்த்தி, வயிற்றைப் பட்டைமேல் போட்டு, கண்ணை மூடிக்கொள்ளும். கீழுதடு தொங்கும். குறட்டை வரும். பாய் வாங்க வந்த ஒரு லாரி ஓட்டுநர், "யக்கா, எனக்கும் ஒரு நாள் வாடகைக்குக் குடுங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் வாடை வந்தது. செல்விதான் முதலில் மோந்தாள். பட்டைக்குள் கையை விட்டாள். கை நனைந்து, வழவழத்து வந்தது. இந்துமதி வந்து பட்டையைத் தளர்த்திப் பார்த்தபோது, நெஞ்சுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வேர்வை வெளிய போகவே வழியில்லாம அவிஞ்சிருக்கு. இதுல என்ன பூசியிருக்கீங்க அக்கா?"

"மெழுகு. மடிப்புக்கு உள்ள ரெட்டைத் தார்த்துணி."

"எதுக்கு?"

"தண்ணி புகாம இருக்க."

கேட்டவரும் சொன்னவளும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். கிட்டங்கிக்கு மேலே நல்ல ஓடு. ஜூன் மாதத்துத் தூத்துக்குடி. மழை இனி ஐப்பசியில்தான். இருபத்தாறு வருடம் தண்ணீரை வெளியே நிறுத்தியவள், இப்போது அதை உள்ளே கட்டிப்போட்டு ஒரு குதிரையின் தோலை உரித்திருக்கிறாள்.

"காத்து போகணும் அக்கா. ஓட்டை ஓட்டையா இருக்கணும். இதை இனி ஒரு நிமிஷம்கூடப் போடக் கூடாது."

"ஓட்டையா," என்றாள் செல்வி. அவள் வாயில் அந்தச் சொல் கல்லுப் போல உருண்டது.

தொட்டிலை அவிழ்த்துவிட்டார்கள். புண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். விக்டர் பைக்கில் தருவைகுளம் பறந்து, மைத்துனனிடமிருந்து மெல்லிய நூலில் பின்னிய மீன்வலையை ஒரு கட்டு கொண்டுவந்தான். அதை எட்டு மடிப்பாக மடித்து, ஓரத்துக்குப் பழைய பருத்திப் பாய்த்துணி கொடுத்துத் தைக்கலாம் என்று செல்வி முடிவுசெய்தபோது மணி ஒன்றரை. வேலை முடிய எப்படியும் நாலரை ஆகும். அது வரைக்கும் பம்பரத்துக்குத் தாங்கல் எதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு அதன் கண் சொருகியது. பத்து நாள் சொகுசுக்குப் பழகிய உடம்பு. எங்கே பட்டை என்று வயிற்றைத் தாழ்த்தித் தேடியது. முன்முழங்கால் மடங்கியது.

"ஏளா, படுக்கப் போறா! படுக்கப் போறா!" என்று அய்யாக்குட்டி ஓடி அதன் கழுத்தைத் தோளால் முட்டுக்கொடுத்தார். விக்டர் நெஞ்சுக்கடியில் முதுகைக் கொடுத்தான். இரண்டு பேரையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு பம்பரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

செல்வி வலையை ஊசிக்கடியில் தள்ளி மிதியை அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே உதவி சீக்கிரம் தைப்பதுதான். குதிரை மிரளுமென்று, தொட்டில் ஏறிய நாளிலிருந்து அவள் நிறுத்திவைத்திருந்த பெரிய இயந்திரம் கடகடகடவென்று கிளம்பியது.

பம்பரத்தின் இரண்டு காதும் விறைத்து எழுந்தன. முழங்கால் நிமிர்ந்தது. கழுத்து நிமிர்ந்தது. அய்யாக்குட்டி தோளிலிருந்து நழுவி விழுந்தார். பந்தயத்தில் பக்கத்துக் குதிரை ஓடிவரும்போது பார்ப்பது போல, அது ஓரக்கண்ணால் இயந்திரத்தைப் பார்த்தது.

"ஏளா, நிறுத்தாத! பக்கத்துல ஒரு குதிர ஓடுதுன்னு நெனைக்கா!"

செல்வி நூல் மாற்ற நிறுத்தினாள். காது தொங்கியது. அழுத்தினாள். காது ஏறியது. மெதுவாக ஓட்டினால் பம்பரம் அலட்சியமாக நின்றது. வேகமாக ஓட்டினால் மூக்கை விடைத்துத் தலையை ஆட்டியது. செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இன்னும் அழுத்தினாள். நாலரைக்கு முடிய வேண்டிய வேலை மூன்றே முக்காலுக்கு முடிந்தது. வலைத் தொட்டில் ஏறியது. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. செல்வி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புது ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. புண் ஆறும் வரை பம்பரம் அதிகம் சாயக் கூடாது என்று இந்துமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு இயந்திரம் ஓட வேண்டும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, தினமும், நிற்காமல். கையிலிருந்த வேலை ஐந்து நாளில் தீர்ந்தது. வெறும் துணியில் ஊசியை ஓட்ட செல்விக்கு மனம் வரவில்லை. தெருவில் வேலை கேட்டாள்.

தெரு கொடுத்தது. ஆட்டோக்களுக்கு மேலுறை வந்தது. மிக்சிக்கு, கிரைண்டருக்கு, தையல் இயந்திரத்துக்கே உறை வந்தது. தேவாலயத்துச் சப்பரத்துக்கும் கோயில் சப்பரத்துக்கும் ஒரே வாரத்தில் ஒரே அளவில் போர்வை போனது. ஒரு பெரியவர் தன் பல்செட்டு டப்பாவுக்கு உறை கேட்டு வாங்கிப்போனார். பம்பரத்தைப் பார்க்கும் சாக்கில் வந்தவர்கள், வெறுங்கையோடு வந்தால் செல்வி உள்ளே விடமாட்டாள் என்று தெரிந்து, கையில் அகப்பட்டதை எடுத்துவந்தார்கள். அந்த ஆடி மாதம் தெருவில் உறை போடாமல் இருந்தவை காக்கைகள் மட்டும்தான்.

அய்யாக்குட்டிக்கு ஒரு விஷயம் மெல்லத்தான் உறைத்தது. ஒரு மதியம் வாசலில் நின்று பார்த்தார். செல்வி இயந்திரத்தின்மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் குதிரையைப் பார்த்தபடியே மிதியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வா பாப்போம்! வா! பிடி பாப்போம்!"

"ஏளா, யாரு ஜெயிக்கா?"

செல்வி திடுக்கிட்டு நிறுத்தினாள். "நூலு அறுந்துட்டு," என்றாள். நூல் அறுந்திருக்கவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை இந்துமதி மறுபடியும் படம் எடுத்தார். கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு மூடியிருந்தது.

"இன்னும் ஒரு பரீட்சைதான். படுத்து எந்திரிக்கட்டும். அதுவா எந்திரிக்கணும். யாரும் தூக்கக் கூடாது, அடிக்கக் கூடாது."

கடைக்குப் பின்முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்கு வைக்கோலும் தென்னந்தும்பும் பரப்பியிருந்தார்கள். தொட்டிலைக் கழற்றி, கயிற்றைப் பிடித்துச் செல்வியே நடத்திக்கொண்டு போனாள். அய்யாக்குட்டி கேட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. பம்பரம் தும்பை மோந்தது. முன்னங்கால்களை மடித்தது. ஒரு பெருமூச்சோடு சரிந்தது. பிறகு மல்லாந்து, நான்கு காலையும் வானத்தில் உதைத்து, முதுகைத் தேய்த்து, இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு, முற்றம் முழுக்கத் தும்பைக் கிளப்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். அது கழுத்தை நீட்டிப் போட்டுக் கண்ணை மூடியது.

கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. கைதட்டல் எப்போதோ நின்றுவிட்டது.

"எந்திரிக்க முடியலயா, இல்ல மனசில்லையா டாக்டரம்மா?" என்று அய்யாக்குட்டி கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி." இந்துமதி தன் பெட்டியைப் பார்க்காமலிருக்க முயன்றார். செல்வி அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். துணி இல்லை. நூல் இல்லை. சுவரைப் பார்த்தபடி மிதியை அடிவரைக்கும் அழுத்தினாள். இருபத்தாறு வருடத்தில் அந்த இயந்திரம் அப்படி ஓடியதில்லை. மேசை ஆடியது, கத்தரிக்கோல் குதித்துக் கீழே விழுந்தது, பித்தளை வளையங்கள் டப்பாவோடு சிதறி உருண்டன. வெளியே யாரோ கத்துவது போலிருந்தது. என்னவென்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. காலை எடுக்கவும் இல்லை.

கழுத்தில் சுடச்சுட மூச்சுப் பட்டது.

திரும்பினாள். பின்வாசலில் தலையை நுழைத்து, காதுகளை விறைத்துக்கொண்டு, தன்னைத் தாண்டி ஓடுகிறவள் யார் என்று பம்பரம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அய்யாக்குட்டியும் விக்டரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வி தொங்கிய கயிற்றைப் பிடித்து முற்றத்துக்கு நடத்தினாள். நான்கு குளம்பும் சீராக விழுந்தன. தும்பு நடுவில் வந்ததும் பம்பரம் நின்றது. செவியை மடித்தது. இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. கயிறு செல்வியின் கையில் இருந்ததால் அவளும் கூடவே ஓடிச் சுற்றினாள்.

"ஏளா, கயித்த விடு!" என்று அய்யாக்குட்டி கத்தினார். அவள் விடவில்லை. ஏழு வாரத்துப் பாக்கியோ என்னவோ, பம்பரம் இன்னொன்று சுற்றியது. பிறகு மூன்றாவது. முற்றமும் சுவரும் வேப்பமரமும் தன்னைச் சுற்றி ஓட, செல்வியின் கொண்டை அவிழ, செருப்பு ஒரு பக்கம் பறக்க, அவள் தும்புக்குள் பொத்தென்று விழுந்தாள். விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்து சிரித்தாள். எழப் பார்த்தாள். தலை சுற்றியது. மறுபடியும் விழுந்து சிரித்தாள். பம்பரம் குனிந்து அவள் தலைமுடியிலிருந்த வைக்கோலைத் தின்றது.

"அக்கா, எந்திரிக்க முடியுதா?" என்றார் இந்துமதி.

"முடியல டாக்டரம்மா," என்றாள், மூச்சு வாங்கியபடி.

அய்யாக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே விக்டர், அந்தத் தொட்டிலக் கொண்டா. ஒங்க அக்காவத் தூக்கிக் கட்டணும்."

"எத அண்ணாச்சி? ஓட்ட போட்டதயா, போடாததயா?"

தும்புக்குள்ளிருந்து செல்வி ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

"ஒழுகாதது," என்றாள்.